உயிரோடு இருக்கும்போதே கொடுங்கள்: லெஜியோன் தொனேர் கிராண்ட் சான்சலருக்கு ஒரு திறந்த மடல்

பெருமதிப்புக்குரிய கிராண்ட் சான்சலர் அவர்களுக்கு,

பிரெஞ்சு ராணுவத்தில் இளமையைக் கழித்துவிட்டு, இன்று புதுச்சேரியிலும் காரைக்காலிலும் முதுமையில் இருக்கும் வீரர்களை பிரான்சின் மிக உயர்ந்த விருதான லெஜியோன் தொனேர் என்னும் உங்கள் விருது ஒழுங்கு (விருது பெற்றவர்களின் அமைப்பு) மறந்துகொண்டிருக்கிறது. எனக்குத் தெரிந்த கோப்புகள் ஆண்டுக்கணக்கில் கிடக்கின்றன. உரியவர் கண்மூடியதும் கோப்பும் மூடப்படுகிறது. இதை இனிமேலும் வாய்மூடிப் பார்த்துக்கொண்டிருக்க என்னால் முடியாது.

நான் ஒரு சொல்தாவின் மகள். (பிரெஞ்சு ராணுவத்தில் இருந்தவர்களைப் புதுச்சேரியில் சொல்தா என்போம், வெளியூரில் இதைப் படிப்பவர்களுக்காகச் சொல்கிறேன்.) பிரெஞ்சு ஆசிரியையாக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். அதனால் எங்கள் பக்கத்து சொல்தா குடும்பங்களுக்கு வரும் பிரெஞ்சுக் காகிதங்கள் பெரும்பாலும் என் கைக்குத்தான் வரும். பென்ஷன் படிவம், மருத்துவப் படிவம், விதவைகளுக்கான விண்ணப்பம் என்று படித்துச் சொல்லவும் பதில் எழுதிக் கொடுக்கவும் பழகியவள். இந்த மடலின் பிரெஞ்சு வடிவம் உங்களுக்கு அஞ்சலில் தனியே வருகிறது. தமிழிலும் எழுதக் காரணம், இது யாரைப் பற்றியதோ அவர்களுடைய பேரப்பிள்ளைகளும் படிக்க வேண்டும் என்பதுதான்.

என்னை எழுதவைத்தது அண்மையில் நடந்த ஒன்று. எங்கள் தெருவில் தொண்ணூறை நெருங்கும் ஒரு பெரியவர் இருக்கிறார். தன் பெயர் வெளியே வருவதை அவர் விரும்பவில்லை. மீசை முளைத்த வயதில் ராணுவத்தில் சேர்ந்து அல்ஜீரியாவுக்குப் போனவர். தொடையில் குண்டடி பட்டவர். பிறகு ஆப்பிரிக்காவில் வெவ்வேறு முகாம்களில் இருந்துவிட்டு சார்ஜனாக (சார்ஜென்ட்) ஓய்வு பெற்று ஊர் திரும்பினார். சாதாரணச் சிப்பாய்களுக்கும் கீழ்நிலை அதிகாரிகளுக்கும் என்று 1852இல் ஏற்படுத்தப்பட்ட மெதாய் மிலித்தேர் என்னும் ராணுவப் பதக்கம் அவரிடம் இருக்கிறது. காயம், களத்தில் பெற்ற பாராட்டுச் சான்று, நீண்ட சேவை ஆகிய தகுதிகளைக் காட்டி, அவரை லெஜியோன் தொனேருக்குப் பரிந்துரைக்கும்படி அவர் குடும்பத்துக்காக நான் எழுதினேன். அந்தக் கோப்பு திரும்பி வந்துவிட்டது. பாராட்டுச் சான்றின் மூலப்படி வேண்டுமாம். காகிதங்களில் அவர் பெயர் வெவ்வேறு எழுத்துகளில் இருப்பதற்கும் விளக்கம் வேண்டுமாம்.

அந்த மூலப்படி தகரப் பெட்டியில் இருந்தது. 2011 டிசம்பர் 30 விடியற்காலையில் தானே புயல் புதுச்சேரிக்கும் கடலூருக்கும் நடுவே கரையேறியபோது அவர் வீட்டு ஓடுகள் பறந்து, பெட்டிக்குள் இருந்த காகிதமெல்லாம் கூழாகிவிட்டது. பெயரைப் பொறுத்தவரை, கோயில் ஞானஸ்நானப் பதிவில் ஒரு மாதிரி, நகராட்சிப் பதிவில் ஒரு மாதிரி, ராணுவத்தில் சேர்த்துக்கொண்ட எழுத்தர் காதில் விழுந்தபடி எழுதியது ஒரு மாதிரி. பிரெஞ்சுப் பதிவேட்டில் ஏறிய தமிழ்ப் பெயர்கள் பலவற்றுக்கும் இதே கதைதான். அது அந்தப் பெரியவரின் குற்றமா?

திரும்பி வந்த கடிதத்தை அவருக்குப் படித்துக் காட்டினேன். கேட்டுவிட்டுச் சொன்னார்: "போதும் டீச்சரம்மா. இனிமே எழுதாதீங்க. பிச்சை கேக்கற மாதிரி இருக்கு."

அவரை இப்படிச் சொல்லவைத்த நடைமுறை மாற வேண்டும் என்பதுதான் நான் சொல்ல வந்தது.

அவர் ஏன் காகிதம் தேட வேண்டும்? பிரெஞ்சு ராணுவத்தில் இருந்தவர்களின் பணிப்பதிவுகள் பிரான்சின் தென்மேற்கில் போ நகரத்தில் உள்ள ராணுவப் பணியாளர் ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. எந்தப் படைப்பிரிவில் எந்தத் தேதியில் சேர்ந்தார், எங்கே காயப்பட்டார், என்ன பாராட்டுப் பெற்றார் என்பதைப் பார்க்க வேண்டிய இடம் அதுதான். இன்னொன்றையும் கவனியுங்கள். வெளிநாட்டில் பிரெஞ்சு பென்ஷன் வாங்குகிறவர் தான் உயிரோடு இருப்பதற்கான சான்றை ஆண்டுதோறும் அனுப்ப வேண்டும். எங்கள் முதியவர்கள் ஆட்டோ பிடித்துப் போய்க் கையெழுத்துப் போட்டு அனுப்பிக்கொண்டுதான் இருக்கிறார்கள். ஆக, அவர் யார், எங்கே இருக்கிறார், எத்தனை ஆண்டு பணி செய்தார், இன்னும் உயிரோடு இருக்கிறாரா என்பதெல்லாம் பிரெஞ்சு அரசுக்குத் தெரியும். போர்வீரர் அட்டையும் அதற்குரிய ஓய்வுத்தொகையும் கொடுத்து, அவர் போர்க்களத்தில் இருந்தவர்தான் என்று அந்த அரசே ஒப்புக்கொண்டிருக்கிறது. பென்ஷன் கொடுக்கும்போது அடையாளம் தெரிகிறது. கௌரவிக்க வேண்டிய இடத்தில் மட்டும் அது சந்தேகத்துக்கு உரியதாகிவிடுகிறது.

என் அப்பாவின் விஷயத்தையும் சொல்லியாக வேண்டும். அவர் வியட்நாம் பக்கம் நடந்த இந்தோசீனப் போரின் கடைசிக் கட்டத்திலும் பிறகு அல்ஜீரியாவிலும் இருந்தவர். அவருக்கான கோப்பு ஓர் அலுவலகத்திலிருந்து இன்னோர் அலுவலகத்துக்கு நகர்ந்துகொண்டே இருந்தது. எந்த அலுவலகம் என்று நான் எழுதப் போவதில்லை. ஒரு மேசையைக் குற்றம் சொல்வதால் எதுவும் சரியாகாது. அப்பா காலமாகி அடக்கமும் முடிந்த பிறகு ஒரு கடிதம் வந்தது. உரியவர் மறைந்துவிட்டதால் கோப்பை மேற்கொண்டு பரிசீலிக்க இயலாது என்று அதில் இருந்தது. விதியை நான் படித்திருக்கிறேன். கடமையின்போது உயிர்நீத்தவர்களைப் போன்ற விதிவிலக்குகள் தவிர, லெஜியோன் தொனேர் இறந்த பிறகு வழங்கப்படுவதில்லை. அந்த விதியோடு எனக்குச் சண்டை இல்லை. அப்பாவுக்காக இப்போது எதையும் கேட்கவுமில்லை. ஆனால் இறந்தவருக்குக் கொடுப்பதில்லை என்று விதி வைத்திருக்கும் அமைப்பு, தொண்ணூறு வயதுக்காரரின் கோப்பையும் ஐம்பது வயதுக்காரரின் கோப்பையும் ஒரே வரிசையில் நிறுத்தலாமா?

உங்கள் வரலாற்றிலேயே இதற்கு ஒரு பெயர் இருக்கிறது: அப்துலாய் ந்தியாய். செனகல்காரர். முதலாம் உலகப் போரில் பிரான்சுக்காகச் சண்டையிட்டுக் காயமடைந்த செனகல் துப்பாக்கிப் படையினரில் கடைசியாக எஞ்சியிருந்தவர். அவருக்கு லெஜியோன் தொனேர் அணிவிப்பதற்குப் போர்நிறுத்த நினைவு நாளான 1998 நவம்பர் 11 என்று நாள் குறிக்கப்பட்டிருந்தது. நவம்பர் 10 அன்று, நூறு வயதைக் கடந்திருந்த அவர் இறந்துபோனார். போர் முடிந்து எண்பது ஆண்டுகள் இருந்தன, அந்த மனிதரைக் கௌரவிக்க. ஒரு நாள் பிந்திவிட்டது. இதைப் படித்தபோது எனக்குத் தூக்கம் வரவில்லை. புதுச்சேரியில் இதுவே சிறிய அளவில், செய்தித்தாளில் வராமல், மீண்டும் மீண்டும் நடந்துகொண்டிருக்கிறது.

"தனித்தனியாகத்தான் பரிசீலிக்க முடியும், மொத்தமாக முடியாது" என்று ஒருமுறை எனக்குப் பதில் சொன்னார்கள். முடியும் என்று பிரான்சே காட்டியிருக்கிறது. 1995இல், முதலாம் உலகப் போரில் சண்டையிட்டு அன்று உயிரோடு இருந்த பிரெஞ்சு வீரர்கள் எல்லோருக்கும் இந்த விருதைக் கொடுப்பதென்று முடிவெடுத்தார்கள். அந்தப் போரில் பிரெஞ்சு மண்ணில் போராடிய நேச நாட்டு முதியவர்களுக்கும் 1998இல் அது விரிந்தது. 2014இல் நார்மண்டி தரையிறக்கத்தின் 70ஆம் ஆண்டு நிறைவை ஒட்டி, பிரான்சின் விடுதலைக்காகப் போரிட்டு இன்னும் உயிரோடிருந்த பிரிட்டிஷ் வீரர்களுக்கு அறிவித்தார்கள். ஆயிரக்கணக்கானோர் பெற்றார்கள். அதில் எனக்கு மகிழ்ச்சிதான். அவர்கள் ஒவ்வொருவரும் அதற்கு உரியவர்கள். பிரெஞ்சுக் குடியுரிமைகூட இல்லாத அத்தனை முதியவர்களைத் தேடிப்போய்க் கௌரவிக்க முடிந்த அமைப்புக்கு, தன் சொந்தக் குடிமக்களாக, தன் சொந்த ராணுவத்தில் இருந்து, தன் சொந்தப் பென்ஷன் பட்டியலில் இருக்கும் ஒரு சிறு கூட்டத்தைத் தேடுவது கடினமான வேலையா?

அவர்கள் ஏன் பிரெஞ்சுக் குடிமக்கள் என்பது உங்கள் அலுவலகத்தில் இருக்கும் இளைய தலைமுறைக்குத் தெரியாமலிருக்கலாம். 1954 நவம்பர் 1 அன்று புதுச்சேரி, காரைக்கால், மாஹே, ஏனாம் ஆகியவற்றின் நிர்வாகம் இந்தியாவிடம் வந்தது. 1956 மே மாதம் கையெழுத்தான ஒப்பந்தம் 1962 ஆகஸ்ட் 16 அன்று நடைமுறைக்கு வந்தது. பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொள்ள விரும்பியவர்கள் ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுக்க வேண்டும். அந்த நேரத்தில் எங்கள் ஆட்களில் பலர் படைமுகாம்களில் இருந்தார்கள். அதற்கும் முன்னால், 1940 செப்டம்பரில், பிரான்சே விழுந்து கிடந்தபோது ஆளுநர் போன்வேன் தலைமையில் பிரெஞ்சிந்தியா, ஜெர்மனியை எதிர்த்துப் போரைத் தொடர்ந்த ஜெனரல் தெகோல் பக்கம் நின்றது. கடற்கரைச் சாலையில் உள்ள போர் நினைவுச் சின்னம் 1938இல் திறக்கப்பட்டது. முதலாம் உலகப் போருக்குப் போய்த் திரும்பாத எங்கள் ஊர்க்காரர்களுக்கானது அது. ஜூலை 14 அன்றும் நவம்பர் 11 அன்றும் அங்கே மலர்வளையம் வைப்பார்கள். மார்பில் பதக்கங்களோடு வரிசையில் நிற்கும் முதியவர்களைச் சுற்றுலாப் பயணிகள் படம் எடுப்பார்கள். நிற்பவர்களின் எண்ணிக்கை குறைந்துகொண்டே வருகிறது. நாற்காலியில் உட்கார்ந்திருப்பவர்கள்தான் இப்போது அதிகம்.

ஒன்றை மறைக்காமல் எழுதிவிடுகிறேன், ஏனென்றால் இதைப் படிக்கும் தமிழர்கள் பலர் கேட்பார்கள்: அடிமைப்பட்ட இன்னொரு நாட்டு மக்களை அடக்கப் போனவர்களுக்கு விருது எதற்கு? நியாயமான கேள்வி. வியட்நாமியரின் போராட்டமும் அல்ஜீரியரின் போராட்டமும் நியாயமானவை என்றே நான் நம்புகிறேன். அப்பா அல்ஜீரியாவைப் பற்றி வீட்டில் பேசியதே இல்லை. நாங்கள் கேட்டாலும் எழுந்து போய்விடுவார். ஆனால் அந்தப் போர்களை நடத்துவதென்று முடிவெடுத்தது பாரிஸில் இருந்த அரசாங்கங்கள். எங்கள் கிராமங்களிலிருந்து போன பையன்கள் எடுத்த முடிவு அல்ல அது. போய் வந்தவர்களின் பாடு அதற்குப் பிறகும் தீரவில்லை. அல்ஜீரியாவில் இருந்தவர்களுக்குப் போர்வீரர் அட்டை கிடைக்க 1974 வரை ஆயிற்று. அங்கே நடந்தது போர்தான் என்று பிரெஞ்சுச் சட்டம் ஏற்றுக்கொண்டது 1999 அக்டோபரில். குற்றம் செய்தவர்களை விலக்கி வையுங்கள் என்பதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை. அல்ஜீரியாவில் செய்த சித்திரவதைகளைப் புத்தகம் எழுதி நியாயப்படுத்திய ஜெனரல் ஓசாரெஸிடமிருந்து விருதைப் பறித்தது சரி. தண்டனை உறுதியானதும் 2025 ஜூனில் முன்னாள் பிரெஞ்சுக் குடியரசுத் தலைவர் சர்கோசியே நீக்கப்பட்டதும் சரி. அப்படிப்பட்ட கண்டிப்பு இருக்கும் இடத்தில் எங்கள் முதியவர்களின் பதிவுகளையும் கண்டிப்போடு பாருங்கள். பார்க்காமலே கிடப்பில் போடாதீர்கள் என்றுதான் கேட்கிறேன்.

தயக்கத்தோடு இன்னொன்றையும் எழுதுகிறேன். சிரியாவின் பஷார் அல் அசாதுக்கு 2001இல் உங்கள் ஒழுங்கின் மிக உயர்ந்த படிநிலையான கிரான் குருவா கொடுக்கப்பட்டது. 2018இல் அதைப் பறிக்கும் நடவடிக்கை தொடங்கியதும் அவர் திருப்பி அனுப்பிவிட்டார். விளாதிமிர் புதினுக்கு 2006இல் அதே கிரான் குருவா. எகிப்தின் சிசிக்கு 2020 டிசம்பரில். அதைப் பொறுக்காமல் இத்தாலிய எழுத்தாளர் கொர்ராதோ ஔஜியாஸ் தன் விருதைத் திருப்பிக் கொடுத்தார். அரசுத் தலைவர்கள் ஒருவருக்கொருவர் விருது மாற்றிக்கொள்வது ராஜதந்திர வழக்கம் என்பது எனக்குத் தெரியும். அவர்கள் இந்த ஒழுங்கின் உறுப்பினர்களாகக் கருதப்படுவதில்லை என்ற விளக்கமும் தெரியும். ஆனால் தொடையில் குண்டுத் தழும்போடு இருக்கும் ஒரு சார்ஜனின் பேரன் தன் கைபேசியில் அந்தப் படங்களைப் பார்த்துவிட்டு, "அவங்ககிட்டல்லாம் மூலப்படி கேட்டாங்களா?" என்று என்னிடம் கேட்டான். நான் அவனுக்குப் பதில் சொல்லவில்லை. பதில் சொல்ல வேண்டியது நீங்கள்.

இந்த விருதை ஒருவர் தனக்காகக் கேட்கக் கூடாது என்பது மரபு. யாராவது பரிந்துரைக்க வேண்டும். அமைச்சர்கள் பட்டியல் தருகிறார்கள், உங்கள் தலைமையிலான ஒழுங்குக் குழு தகுதியை ஆராய்கிறது. 2008 முதல் சாதாரணக் குடிமக்களுக்கும் ஒரு வழி திறந்திருக்கிறது: ஒரே மாவட்டத்தைச் சேர்ந்த 50 பேர் கையெழுத்திட்டு, தங்கள் மாவட்டத்தில் வாழும் ஒருவரைப் பிரெஃபேவிடம் (மாவட்டத்தில் அரசின் பிரதிநிதி) பரிந்துரைக்கலாம். நல்ல ஏற்பாடு. ஆனால் புதுச்சேரி எந்தப் பிரெஞ்சு மாவட்டத்திலும் இல்லை. எங்களுக்குப் பிரெஃபே இல்லை. 50 கையெழுத்து எனக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடியும் நேரத்துக்குள் கிடைத்துவிடும். அதைக் கொண்டுபோய்க் கொடுக்கத்தான் கதவு இல்லை.

பணத்துக்காகக் கேட்கிறோம் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. ராணுவ வழியில் இந்த ஒழுங்கின் முதல் படிநிலையான செவாலியே ஆனவருக்கு ஆண்டுக்கு வரும் தொகை 6.10 யூரோ. பதக்கத்தையும் பெறுகிறவர்தான் வாங்கிக்கொள்ள வேண்டும். தமிழ்நாட்டில் செவாலியே என்றதும் சிவாஜி கணேசன் நினைவுதான் வரும். 1995இல் அவர் பெற்றது கலை இலக்கியத்துக்கான வேறொரு பிரெஞ்சு ஒழுங்கு. சொல்தா வீடுகளில் நினைக்கப்படுவது நெப்போலியன் 1802 மே 19 அன்று ஏற்படுத்திய, சிப்பாய்க்கும் அறிஞருக்கும் ஒரே பதக்க நாடாவைத் தருவதாகச் சொன்ன லெஜியோன் தொனேர். அந்தச் சிவப்பு நாடாவுக்கு இந்த வீடுகளில் இருக்கும் மதிப்பை நீங்கள் பாரிஸில் இருந்து ஊகிக்க முடியாது. "அங்க போய்ச் செத்திருந்தா நம்ம ஊர்ல யாருக்குத் தெரிஞ்சிருக்கும்" என்று அப்பா ஒரு முறை அம்மாவிடம் சொன்னதுண்டு. தன் வாழ்க்கையை யாராவது பார்த்தார்களா என்ற கேள்வி அது. பிள்ளைகளுக்கும் இதில் பங்கு உண்டு. விருது பெற்றவர்களின் மகள்கள், பேத்திகள், கொள்ளுப்பேத்திகளுக்கென்று சேந்தெனியிலும் சேன் ழெர்மேனிலும் உங்கள் ஒழுங்கு நடத்தும் பள்ளிகள் இருக்கின்றன. காலத்தில் வராத ஒரு நாடா, ஒரு பேத்தி அங்கே விண்ணப்பிக்கும் உரிமையையும் இல்லாமல் செய்துவிடக்கூடும்.

சிலருக்கு இங்கே விருது கிடைத்திருக்கிறது, மறுக்கவில்லை. அவர்களில் பெரும்பாலோர் பாரிஸில் பேசத் தெரிந்த மகனோ மருமகனோ இருந்தவர்கள் என்பதே என் அனுபவம். அப்படி யாரும் இல்லாதவர்களுக்காகத்தான் பின்வரும் கோரிக்கைகள்.

புதுச்சேரி, காரைக்கால், மாஹே, ஏனாம் பகுதிகளிலும் தமிழ்நாட்டிலும் பென்ஷன் பெறும், இந்தோசீனாவிலும் அல்ஜீரியாவிலும் பணியாற்றி இன்று உயிரோடிருக்கும் முன்னாள் வீரர்களின் பட்டியலை ராணுவ அமைச்சகத்திடமும் பென்ஷன் துறையிடமும் கேட்டு வாங்குங்கள். எங்களிடம் கேட்காதீர்கள், உங்கள் அரசிடமே இருக்கிறது. அவர்களுடைய பணிப்பதிவுகளைப் போ நகரக் காப்பகத்திலிருந்து நேரடியாக வரவழைத்து ஆராயுங்கள். அங்கே உள்ள பதிவையே போதுமான சான்றாக ஏற்றுக்கொள்ளும்படியும், பெயரின் எழுத்து வேறுபாட்டுக்காக எந்தக் கோப்பையும் திருப்பி அனுப்பாதிருக்கும்படியும் சம்பந்தப்பட்டவர்களுக்கு எழுத்தில் அறிவுறுத்துங்கள்.

85 வயதைத் தாண்டியவர்களின் கோப்புகளுக்குத் தனி வரிசையும் காலக்கெடுவும் வையுங்கள். ஆறு மாதத்துக்குள் ஆம் அல்லது இல்லை என்று அவர்களுக்குத் தெரிய வேண்டும். இல்லை என்றால் ஏன் என்று ஒரு வரி எழுதுங்கள். லெஜியோன் தொனேருக்குத் தகுதி எட்டாதவர்களை 1963இல் தெகோல் ஏற்படுத்திய தேசியத் தகுதி ஒழுங்குக்கோ மெதாய் மிலித்தேருக்கோ பரிசீலிக்கும்படி உங்கள் குழுவே அமைச்சகத்திடம் சொல்லலாம்.

1995இலும் 2014இலும் எடுத்ததைப் போன்ற ஒரு கூட்டு முடிவை, காயமோ களப் பாராட்டோ பதிவாகியிருக்கும் இந்த முதியவர்கள் விஷயத்திலும் எடுக்கும்படி குடியரசுத் தலைவரிடம் முன்வையுங்கள். இந்த ஒழுங்கின் தலைவர் அவர்தான். அவரிடம் நேரடியாகப் பேசக்கூடியவர் நீங்கள்.

50 கையெழுத்து வழியை வெளிநாட்டில் வாழும் பிரெஞ்சுக் குடிமக்களுக்கும் தெளிவாகத் திறந்துவிடுங்கள். மாவட்டத்துக்குப் பதிலாகத் தூதரக எல்லை, பிரெஃபேவுக்குப் பதிலாகத் தூதரகத் தலைவர் என்று விதியில் எழுதினால் போதும்.

விருது அறிவிக்கப்பட்டவருக்கு அதை அணிவிக்க, தகுதியுள்ள உறுப்பினர் ஒருவரை அவர் வீட்டுக்கே அனுப்புங்கள். சத்யஜித் ராய்க்கு அணிவிக்க 1989இல் குடியரசுத் தலைவர் மித்தெரானே கல்கத்தாவுக்கு வந்தார். நாங்கள் அவ்வளவு கேட்கவில்லை. மாடிப்படி ஏற முடியாத, சக்கர நாற்காலியில் இருக்கும் மனிதரை மேடைக்கு வரச் சொல்லாதீர்கள் என்கிறோம்.

இந்தக் கோரிக்கைகளில் எது உங்கள் அதிகாரத்துக்கு உட்பட்டது, எது யாரிடம் போக வேண்டும் என்பதை எனக்கு எழுத்தில் தெரிவியுங்கள். வரும் நவம்பர் 11க்குள் பதில் வர வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். பதில் பிரெஞ்சில் இருக்கட்டும். எங்கள் தெருவில் படித்துக் காட்ட நான் இருக்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு சொல்தாவின் மகள்,
ஓய்வு பெற்ற பிரெஞ்சு ஆசிரியை,
புதுச்சேரி